மேல்லயத்துச் சிலேட்டுப் பெட்டி

இல்ல வாத்தியாரய்யா, நாப்பது சிலேட்டுன்னா நாப்பதுன்னே எழுதுங்க. பிள்ளைக இருவதுதான், சரிதான். ஆனா ஒண்ணு இங்க பிள்ள கையில இருக்கும்போது இன்னொண்ணு கீழ குமுளியில உங்க பள்ளிக்கூடத்துல திருத்தக் கெடக்கணும்ல? ஒத்தச் சிலேட்டா இருந்தா, அது போயிட்டு வார நாலு நாளும் பிள்ள மூக்க நோண்டிக்கிட்டு உக்காந்திருக்கும்.

மரச்சட்டம் ஒசரமா இருக்கணும், அதையும் எழுதிக்கிடுங்க. ரெண்டு சிலேட்ட எழுத்து உள்பக்கமா வச்சு, முகத்தோட முகம் சேத்துக் கட்டித்தான் அனுப்புவோம். சட்டம் ஒசந்திருந்தா எழுத்துல எழுத்து ஒரசாது. இது எங்க புத்திக்கு எட்டவே ஒரு வருசம் ஆச்சு. மொதல்ல அனுப்புனதெல்லாம் வழியிலேயே அழிஞ்சு போயிரும். உங்களுக்கு முன்னால இருந்த ஏசுரத்தினம் வாத்தியாரு, பாவம், வெறும் சிலேட்டுக்கெல்லாம் சரி போட்டு அனுப்புனாரு.

பெறகு தகரப்பெட்டி ஒண்ணு, ஓட்ட இல்லாம. மெழுகுத்துணி நாலு கெசம். தபால் ஆளு சந்தனம் ஒரு பகல் பூரா மழையில தலச்சொமையா கொண்டு வாரான், அட்டை கடிச்சு காலெல்லாம் ரத்தம். கோவைத்தழ ஒரு கட்டு. சிரிக்காதீக, சிலேட்டு தேய்க்க வேண்டாமா? இந்தக் குளிருல கோவக்கொடி பிடிக்க மாட்டேங்கு.

யாரு சொல்லிக் குடுக்காகளா? நாந்தான், முத்துப்பேச்சி. ஏலக்காய் எடுக்கப் போற பொம்பளைக பிள்ளைகள இந்தக் கொட்டகையில விட்டுட்டுப் போவாக, பாத்துக்கிடுறது என் சோலி. வாத்தியாரு எழுதி அனுப்புனத பிள்ளைகளோட பிள்ளையா உக்காந்து நானும் எழுதுனேன். முப்பது வயசுல அ ஆ படிச்சவ நானு.

அந்த வயசுல என்னத்துக்குப் படிப்பா? சொல்லுதேன். எனக்கு ஒரு மக இருந்தா, அழகுத்தாயி. ஆறு வயசு. மலக்குளிரு ஒத்துக்கிடலன்னு சங்கரன்கோயில் பக்கம் எங்க ஆத்தாகிட்ட விட்டிருந்தேன். காயெடுப்பு மும்முரத்துல ஒரு கடுதாசி வந்துச்சு. அப்பல்லாம் நாங்க குடியிருக்குற இந்த லயத்துல யாருக்கும் எழுத்து தெரியாது, எங்கள வேல வாங்குற பெரியமுத்து கங்காணிதான் எல்லாருக்கும் வாசிப்பாரு. வாசிச்சாரு. எல்லாரும் சொகம், பிள்ள நல்லா வெளையாடுதுன்னாரு. அடுத்தாப்புல ஒண்ணு வந்துச்சு, அதுவும் சொகம். மூணாவதும் சொகம்.

தை மாசம் பிள்ளைக்குப் பாவாட தச்சு எடுத்துக்கிட்டு ஊருக்குப் போறேன். பொதச்சு அஞ்சு மாசம் ஆயிருக்கு. மொதக் கடுதாசியில, பிள்ளைக்குக் காச்சல், ஒன்னியத் தேடுது, ஒடனே வான்னு என் தம்பி எழுதிருக்கான். மூணாவதுல, எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு எழுதிருக்கான். காயெடுப்பு நேரத்துல ஆளு கொறஞ்சா கங்காணிக்குத் தோட்டத் தொரகிட்டப் பேச்சு விழும், அதுக்காகத்தான் அம்புட்டும். அஞ்சு மாசம் நான் சிரிச்சிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்யா. தீவாளிக்கு எண்ண தேச்சுக் குளிச்சிருக்கேன்.

கங்காணிகிட்ட ஒரு வார்த்த கேக்கல. திரும்பி வார வழியில குமுளியில எறங்கி ஏசுரத்தினம் வாத்தியாரு கால்ல விழுந்தேன். எங்க லயத்துக் கடுதாசி ஒண்ணுகூட இனி அந்த ஆளு கைக்குப் போகக்கூடாதுன்னேன். அவருக்கு இழுப்பு, மல ஏற முடியாது. அப்பத்தான் இந்தப் பெட்டி போக்குவரத்து ஆரம்பிச்சது. பன்னெண்டு வருசமாச்சு. இப்ப வீட்டுக்கு ஒரு ஆளாவது வாசிக்கும். கங்காணி வாசலுக்குக் கடுதாசி கொண்டுபோற ஆளு கெடையாது.

ஆனா எனக்கு அது பத்தல. பொய் சொல்லுவானேன், பத்தவே இல்ல.

ரெண்டு வருசமா கங்காணிக்குக் கண்ணுல பூ விழுந்து பார்வ போச்சு. அவருக்கு வார கடுதாசிய நாந்தான் வாசிக்கேன். எம்மேல சந்தேகப்படலையான்னா, எம்பிள்ள சங்கதியே அவருக்கு ஞாபகம் இல்லய்யா. எத்தன பேரு கடுதாசி வாசிச்ச மனுசன், அதுல இது ஒண்ணு.

நீங்க வந்ததும், மேல கங்காணி வீட்டுல காப்பி குடிச்சிட்டு வாங்கன்னு சொன்னேன். அந்த வாசல மிதிக்கமாட்டேன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டீக. அதுலேயே ஒரு சந்தேகம். இப்ப நீங்க சாமான் எழுதுறதப் பாத்துக்கிட்டே இருக்கேன். பன்னெண்டு வருசமா பிள்ளைக எழுத்துல கண்ணு பழகிப்போச்சு, யாரு எழுத்துன்னு பாத்ததும் தெரியும். நீங்க வரிய மேல ஏத்தி ஏத்தி எழுதுறீக. உத்தமபாளையத்துல இருந்து கங்காணிக்கு வந்த மூணு கடுதாசியும் இப்படித்தான் மேல ஏறும். நீங்க அவரு மகன் செல்லத்துரைதான?

உக்காருங்க தம்பி. எந்திரிக்காதீக, முழுசும் கேளுங்க.

அம்மாவுக்கு முடியல, ஒடனே வாங்கன்னு எழுதுனீக. சொகம்னு வாசிச்சேன். பேச்சு கொழறுது, உங்களத்தான் கேக்காகன்னு எழுதுனீக. சொகம்னு வாசிச்சேன். அம்மா போயிட்டாக, இனி உங்க மூஞ்சியில முழிக்கமாட்டேன்னு எழுதுனீக. அதையும் சொகம்னுதான் வாசிச்சேன். இந்த அடமழையில சந்தனத்த விட்டா கீழ இருந்து மேல வந்த மொத ஆளு நீங்கதான், வேற யாரு வந்து அவருக்குச் சொல்லப்போறா?

உங்க அம்மா எனக்கு ஒரு கெடுதலும் செய்யல. அவுக மொகத்தக்கூட நான் பாத்ததில்ல. அவுகள நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. இருந்தும் நான் வாசிச்சத மாத்தல. வராதது உங்க அப்பா குத்தமில்ல தம்பி. அவுக உசுரோட இருக்காகன்னுதான் இன்னும் நெனச்சிக்கிட்டு இருக்காரு. வார தீவாளிக்கு ஒரு சுங்கடிச் சேல வாங்கிப் பெட்டியில வச்சிருக்காரு, தடவித் தடவிப் பாக்காரு.

எம்மேல உள்ள கோவத்துல சிலேட்டுப் பெட்டிய நிறுத்திராதீக, பிள்ளைக என்ன செஞ்சுச்சு. மேல போயிச் சொல்லணும்னா சொல்லுங்க, நான் மறிக்கல. சொல்லாம எறங்கிப் போனாலும் சரிதான். உங்க அம்மா போயி நாப்பது நாளுதான் ஆகுது. அவருக்கும் அஞ்சு மாசம் ஆகட்டும். அந்த மூணாவது கடுதாசிய எடுத்துட்டுப் போயி, ஒரு எழுத்து விடாம, உள்ளது உள்ளபடி நானே வாசிச்சுக் காட்டுதேன்.