சேதுன்யாவின் மருந்து டப்பா

ஒரு தட்டு சோளக் கூழைச் சாப்பிட எனக்கு நாலு நிமிஷம் போதும். தனியாகச் சாப்பிட்டால் அவ்வளவுதான் ஆகும். எதிரில் ஒரு பிள்ளை உட்கார்ந்து வாயடித்துக்கொண்டிருந்தால் அதே தட்டுக்கு அரை மணி ஆகிவிடும். மனைவி போன பிறகு ஆறு வருஷம் நான் நாலு நிமிஷத்தில் சாப்பிட்டிருக்கிறேன் ஐயா.

வாக்குமூலம் என்றீர்களே, எழுதிக்கொள்ளுங்கள். நான் நாலாவதோடு நின்றவன். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டினால்தான் கையெழுத்துப் போடுவேன். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் போட்டவன் நான்.

பெயர் மொட்சுமி. மஹாலப்யே ரயில் பாதையில் முப்பத்தொரு வருஷம் தண்டவாளத்துக்குக் கட்டை மாற்றினவன். சேதுன்யா என் மகள் ஒனலென்னாவின் பெண். ஏழு வயதில் அவளை என்னிடம் விட்டுவிட்டு மகள் தலைநகர் கபரோனுக்கு ஹோட்டல் வேலைக்குப் போனாள். பிள்ளை நன்றாகச் சாப்பிடுவாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை மெலிந்தால்தான் பேச்சு வரும். அந்த வீட்டில் என்ன நோயோ என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவார்கள். என் பேத்தியைப் பார்த்து யாரும் அப்படிப் பேசியதில்லை. பதினோரு வயதில் என்னைவிட எடை கூட.

பள்ளிக்கூடத்தில் எடை பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளின் ரத்தக் குழாய்க்கு ஒரு சத்து மருந்து உதவுமா என்று பார்க்கிறார்களாம். சேதுன்யாவின் கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, அஞ்சு நிமிஷம் வைத்திருந்து அவிழ்த்தார்கள். நர்ஸ் டினேயோ திரையைக் காட்டினாள்.

"அவுத்ததும் ரத்தம் பாயும்ல, நல்ல குழாயா இருந்தா விரிஞ்சு கொடுக்கும். இவளுது விறைப்பா நிக்குது."

"தாத்தாவோடது மாதிரியா?" என்று கேட்டாள் பிள்ளை.

"அதே மாதிரிதான்."

"அப்ப நாங்க ரெண்டு பேரும் ஒரே வயசு. தாத்தா, இனிமே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாதே, மரியாதை குடு."

எனக்கு அது பிடித்திருந்தது.

காலையில் இரண்டு காப்ஸ்யூல், மாலையில் இரண்டு. ஆறு மாசம். தேறிய பிள்ளைகளை விட்டுவிடுவார்கள். தேறாதவர்கள் இன்னும் ஒரு வருஷம், அதே வீட்டில், அதே ஆள் பொறுப்பில் இருந்து தொடர வேண்டும். ஒனலென்னா போனில் சொன்னாள்: "ஆறு மாசம்தான்ப்பா. தேறிட்டாள்னு சொன்னதும் ஜனவரியில கூட்டிட்டு வந்துடுவேன். இங்க பள்ளிக்கூடம் பாத்து வெச்சுட்டேன்." சரி என்றேன்.

காப்ஸ்யூலைப் பிரிப்பது கஷ்டமில்லை. இரண்டு மூடிதான், மெதுவாக இழுத்தால் வந்துவிடும். பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் உட்கார்ந்து, உள்ளே இருந்த பொடியைக் கோழித் தவிட்டில் தட்டிவிட்டு, சோள மாவை அடைத்து மூடி வைப்பேன். தூக்கி எறிய முடியாது. சேதுன்யாவே எண்ணி எடுத்து, எனக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் விழுங்குவாள். மிச்சத்தை நர்ஸ் எண்ணுவாள்.

அந்த மருந்தை நம்பவில்லை, எங்கள் பிள்ளைகள் மேல் யாரோ பரீட்சை பார்க்கிறார்கள் என்று பயந்தேன் என உங்களிடம் சொல்லலாம். முதல் வாரம் எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் கோழிக்குப் போட்டேன், அந்தக் கோழியின் முட்டையை நாங்கள் இரண்டு பேரும் தின்றோம். பயந்தவன் அப்படிச் செய்ய மாட்டான்.

மூன்றாம் மாசம் மறுபடி பட்டை கட்டிப் பார்த்தார்கள். குழாய் கொஞ்சம் விரிந்திருந்தது. பிள்ளை நடந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள், கலர் தண்ணீர் குடிப்பதை விட்டிருந்தாள். அதனால் இருக்கும். அன்று வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட உட்காராமல் அம்மாவுக்குப் போன் போட்டாள். என் பழைய பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள்.

அதற்குப் பிறகு மாவுக்குப் பதில் உப்பு அடைத்தேன். மாவு ஒட்டிக்கொள்ளும். உப்பு தானாக இறங்கிவிடும். கூழிலும் கூடுதலாகப் போட்டேன். காலையில் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை, ஆறு, ஏழு.

"நர்ஸ் அக்கா எண்ணெய் வேணாம்னாங்க தாத்தா."

"நர்ஸ் அக்காவா வந்து உனக்குச் சமைக்கிறா?"

"என்னைக் கொழுக்க வெச்சு ஆடு மாதிரி விக்கப் போறியா?"

"உன்னை யாரு வாங்குவா? வாயைக் கட்டுறதுக்கே தனியா கயிறு வேணும்."

சிரித்துக்கொண்டே தின்றாள். அடிக்கடி தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.

ஐந்தாம் மாசம் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. டினேயோ சின்ன வெள்ளை மாத்திரை ஒரு பொட்டலம் தனியாக என் கையில் கொடுத்தாள். "இது அந்தச் சத்து மருந்து மாதிரி இல்ல தாத்தா. ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. தலைவலினு சொன்னா அன்னைக்கே கூட்டிட்டு வாங்க." அதை நான் பிள்ளைக்குக் காட்டவில்லை. கோழிக்கும் போடவில்லை. கழிப்பறைக் குழியில் போட்டேன்.

ஆறாம் மாசம் பிள்ளைகளைக் கூட்டி வந்த எல்லாப் பெரியவர்களையும் உட்கார வைத்து டினேயோ எங்கள் மருந்து டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். "மொட்சுமி தாத்தாவைப் பாத்துக் கத்துக்கோங்க. கணக்கு ஒன்னுகூடத் தப்பல." கை தட்டினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ரயில்வேயில் இருந்த காலம் முழுக்க எனக்கு யாரும் கை தட்டியதில்லை.

குழாய் முன்பைவிட விறைப்பு. இன்னும் ஒரு வருஷம் என்றார்கள். வரும் வழியெல்லாம் சேதுன்யா அழுதாள்.

"நான் ஒன்னுகூட விடலையே தாத்தா. எல்லாம் முழுங்கினேனே. என் மேலதான் ஏதோ தப்பு."

"உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். அது உண்மை.

இரண்டு வாரம் கழித்துத் தலைவலி வந்தது. பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். மூன்று நாள் முற்றத்து மரத்தடியில் உட்கார்ந்து கல் வைத்து விளையாடினோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டே என்னைத் தோற்கடித்தாள். திறந்தால் வலிக்கிறது என்றாள். நாங்கள் இவ்வளவு நாள் சேர்ந்து இருந்ததில் அந்த மூன்று நாளைத்தான் நல்ல நாள் என்பேன்.

நாலாம் நாள் மத்தியானம் வலது கையில் இருந்த கல் நழுவி விழுந்தது. எடுக்கப் பார்த்தாள், கை போகவில்லை. ஏதோ சொன்னாள், புரியவில்லை. வாய் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. நான் முதலில் டப்பாவில் மிச்சம் இருந்ததைக் குழியில் கொட்டி, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன். அதற்குக் கால் மணி ஆகியிருக்கும். பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அவள் சட்டைப் பையில் ஒரு காப்ஸ்யூல் இருந்தது எனக்குத் தெரியாது. டினேயோ அதைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்தாளாம்.

அவ்வளவுதான் ஐயா. நான்தான் செய்தேன். வேறு யாருக்கும் தெரியாது.

வலது பக்கம் திரும்பி வராது, பேச்சும் வராது என்று டாக்டர் சொன்னார். ஒனலென்னா வந்திருக்கிறாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் நாள் முழுக்க ஹோட்டலில் நிற்கிறவள். இப்படி ஒரு பிள்ளையைக் கபரோனில் எந்தப் பள்ளிக்கூடம் சேர்க்கும்? யோசித்தால் அவளுக்கே புரியும். பிள்ளையை வீட்டுக்கு எப்போது அனுப்புவார்கள் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். இங்கே வருவதற்கு முன்பே அவள் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டுவிட்டேன். அந்த வெள்ளை மாத்திரையை இனிமேல் வேளை தவறாமல் நானே கொடுப்பேன். இனிக் கொடுக்காமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.