சொர்ணம்மாள் கொடுத்த தேநீர்

நான் வெளியிடங்களில் தேநீர் குடிப்பதில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. மாட்டுங்காவில் என் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். அன்றைக்குத் தாராவியில் குடித்தேன் என்றால், வேலையை நான் எவ்வளவு மதிக்கிறேன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஹரி. ஒரு மருந்து கம்பெனியின் சட்டப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் ரத்தப் புற்றுநோய் மாத்திரைக்குக் காப்புரிமை கேட்டிருந்தோம். அது கிடைத்துவிட்டால், அதே மாத்திரையை இருபதில் ஒரு பங்கு விலைக்கு விற்கும் உள்ளூர்க்காரர்கள் நிறுத்தியாக வேண்டும். கொடுக்கக் கூடாது என்று மறுப்பு மனு போட்டிருந்தவர் ஒரே ஒருவர். தாராவியில் தோல் பை தைக்கும் சொர்ணம்மாள். அந்த மலிவு மாத்திரையில்தான் அவர் உயிரோடு இருந்தார்.

அவர் மகள் ஷாலினி வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். ஷாலினிக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். சந்து முழுக்கத் தோல் நாற்றம். கைக்குட்டையை எடுக்காமல் பொறுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுத் தமிழை வாசலிலேயே விட்டுவிட்டு, அவர் ஊர்ப் பேச்சில் பேசினேன். ஆயுசு முழுக்க இலவச மாத்திரை, அதற்கான விண்ணப்பம் இது என்று தாளை நீட்டினேன்.

“பக்கத்து வீட்டு ஷமீமாவுக்கும் இதே சீக்குதான். அவளுக்கும் குடுப்பியளா?”

“கண்டிப்பா குடுப்போம்க்கா.”

“நம்ம பேச்சு பேசுதிய. நீங்க சொன்னா எனக்குப் போதும்யா.”

அந்தத் தாள், மனுவைத் திரும்பப் பெறும் கடிதம். கையெழுத்துப் போட்டுவிட்டு, ஓரம் நசுங்கிய டம்ளரில் தேநீர் கொடுத்தார். மேலே ஆடை மிதந்தது. சிரித்துக்கொண்டே குடித்தேன்.

காப்புரிமை வந்தது. மலிவு மாத்திரை கடைகளில் இல்லாமல் போனது. சொர்ணம்மாளுக்கு நான்கு மாதம் இலவச மாத்திரை போனது; அதன் பிறகு அந்தத் திட்டத்தை நிறுத்திவிடலாம் என்று குறிப்பு எழுதியவனும் நான்தான். மனுவே இல்லாதபோது மாத்திரை எதற்கு? ஷமீமாவின் பெயரை நான் எங்கும் எழுதிக்கொள்ளவே இல்லை. அவர் மழைக்கு முன்பே போய்விட்டார். சொர்ணம்மாள் கணபதி பண்டிகை வரை இழுத்துக்கொண்டு கிடந்தார்.

தெரிந்துதான் செய்தேன். இரண்டு பேரும் செத்துப்போவார்கள் என்றும் தெரியும். மறைக்க ஒன்றுமில்லை, தூக்கமும் கெடவில்லை. ஆனால் இப்போது நினைத்தாலும் குமட்டிக்கொண்டு வருகிறது. அந்த டம்ளரை அவர் சரியாகக் கழுவியிருக்கவே மாட்டார்.