முதல் வெற்றிவரை மீன் இல்லை

சில்க்போர்க் நகர பஸ்ஸில், ஒரே தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பேர் எனக்கு முன்னால் இருந்தார்கள்.

"ஐஸ் ஹொக்கியாலதான் ரெண்டு வருசமா நான் மீன் தொடேல்லை," என்றார் மூத்தவர்.

"என்னண்ணை சொல்லுறியள்?"

"லீக்கிலை புதுசாச் சேர்ந்த எங்கடை ரீம் ஒரு மட்ச் வெல்லுமட்டும் மீன், இறைச்சி எண்டு ஒரு மச்சமும் தின்னமாட்டன் எண்டு பிள்ளையாருக்கு நேத்தி வைச்சனான். ஒரு மாசத்திலை முடிஞ்சிடும் எண்டு நினைச்சன்."

"இன்னும் வெல்லேல்லையோ?"

"எங்கை! ஒவ்வொரு மட்சுக்கும் போய்க் குளிருக்கை இருந்து பாக்கிறன்."

இளையவர் தயங்கித் தயங்கிக் கைபேசியை நீட்டினார். "அண்ணை, ரீமைக் கலைச்சிட்டினமாம். இண்டைக்குத்தான் போட்டிருக்கு."

மூத்தவர் அதை இரண்டு தரம் வாசித்தார். கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"இனிச் சாகுமட்டும் மரக்கறிதான். அது போகட்டும். தோத்துத் தோத்தெண்டாலும் விளையாடிக்கொண்டு இருந்திருக்கலாமே, பாவியள்."