கோட்டைக் கல்லு

பஸ் மன்னார்ப் பாலத்தில் ஏறும்போது, எனக்குப் பின் இருக்கையில் இருந்த பள்ளிமுனை மீன்காரி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

“நேற்று நான் ஒல்லாந்தரின்ர கோட்டையைப் பிடிச்சிட்டன், அக்கா.”

“என்னடி சொல்லுறாய்?”

“சுத்திக்காட்டுற மனுசன் வெள்ளைக்காரருக்கு இங்கிலீசில அளந்தார். கல்லெல்லாம் ஒல்லாந்திலயிருந்து கப்பல்ல வந்ததாம். என்ர மகள்தான் எனக்குத் தமிழில சொன்னவள். கிட்டப் போய்ப் பாத்தன். முருகைக்கல்லு! எங்கட கடலுக்குள்ள வலையைக் கிழிக்கிற அதே கல்லு. தினமும் என்னட்ட ஏச்சு வாங்கிற கல்லு எனக்குத் தெரியாதோ?”

“சொன்னனியோ?”

“சொன்னனான். சுவரில ஒட்டியிருந்த சிப்பியையும் தொட்டுக் காட்டினனான். மனுசன் தலையைச் சொறிஞ்சுகொண்டு, இது மன்னார்க் கல்லுதானெண்டு தன்ர வாயாலயே இங்கிலீசில சொன்னார்.”

“வெள்ளைக்காரர்?”

“அதில ஒருத்தர் ஒல்லாந்துக்காரராம். முதல்ல கைதட்டினது அவர்தான்.”