சைரன் போட்டால் சுணங்கிய வண்டியைத் தேற்றிய பெலிண்டா அம்மையாருக்கு

ஆம்புலன்ஸ்களின் அன்னையே! எங்கள் மருத்துவமனை வாகனப் பணிமனையின் தலைமைப் பொறியாளரே! ஸ்பேனர் தொலைந்தால் சீறும் சிம்மமே, சீறிய கையோடு சுண்டல் நீட்டும் செல்வமே! விடைபெறும் உங்களுக்கு எங்கள் வணக்கம்.

ஆக்சிலேட்டரின் சென்சார், எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்லும் விதத்தை மேசையில் தட்டிக் காட்டியே எங்களுக்குப் புரியவைத்தீர்கள். ஒரே கம்பியில் வரிசையாக மின்துடிப்புகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளிதான் எண். முடிவில் ஒரு சரிபார்ப்பு எண். அது பொருந்தாவிட்டால் கம்ப்யூட்டர் அந்தச் சேதியைத் தள்ளிவிடும்; திருப்பிக் கேட்கவும் வழியில்லை. உங்களிடம் திட்டு வாங்கிய எங்களுக்கு, திருப்பிக் கேட்க முடியாத நிலை நன்றாகவே விளங்கியது!

நம் ஓட்டுநர் மன்சூர் ஓட்டிய புதிய ஆம்புலன்ஸ், நோயாளியோடு போகும்போது மட்டும் சுணங்கியது. ஆக்சிலேட்டரையே மாற்றினோம்; வளாகத்துக்குள் ஓட்டினால் பறந்தது, நோயாளியை ஏற்றினால் மறுபடியும் சுணங்கியது. "அவசரம்னா அவருக்குக் கால் நடுங்குதுங்க" என்று பேச்சுக் கிளம்பியது. அவரை வேலையிலிருந்து நீக்க நிர்வாகம் நாள் குறித்தது. நிறைமாத மனைவியிடம் சொல்ல முடியாமல் மன்சூர் பணிமனையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, சைரன் போட்டு யாராவது ஓட்டிப் பார்த்தீங்களா?" என்று கேட்டீர்கள். மருத்துவமனைக்குள் சைரன் கூடாதே, யார் போடுவார்கள்! மன்சூரை ஓட்டச் சொல்லி, மடியில் சோதனைக் கருவியோடு முன்னால் ஏறி, நோயாளி இல்லாத வண்டியைச் சைரன் அலற அலறக் காவிரிப் பாலத்தில் ஸ்ரீரங்கம் நோக்கி விரட்டினீர்கள். பாதிப் பாலத்தில் வண்டி சுணங்கிவிட்டது. திறந்து பார்த்தால், வண்டியைக் கட்டியவர்கள் சைரன் கம்பியையும் சென்சார் கம்பியையும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தார்கள். சைரன் அலறும்போதெல்லாம் துடிப்புகள் குலைந்து, சேதிகள் தள்ளுபடியாகி, எஞ்சின் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கம்பிகளை நீங்கள் பிரித்துக் கட்டியதும் வண்டி பறந்தது.

வெறும் வண்டியில் சைரன் ஒலித்ததற்கு உங்கள்மீது விசாரணை வந்தது. "ஆமாங்க, போட்டேன். வேணும்னா இன்னொரு தடவையும் போடுவேன்" என்றீர்களே, மகராசி! உங்கள் பதவி உயர்வு தள்ளிப்போனது. மன்சூரின் வேலை நிலைத்தது.

முழங்கால் வலி தீர்ந்து, முகமலர்ச்சி குறையாது, ஞாயிறு பூசையின் நடுவே எங்கள் அழைப்பு வராத நிம்மதியோடு நெடுங்காலம் வாழுங்கள், அம்மா! நீங்கள் இல்லாத பணிமனையை நினைத்தாலே எங்களுக்கு அழுகை வருகிறது.

இம்மடலுக்கு ஒரு வரி தரும்படி மன்சூரைக் கேட்டோம்.

"எல்லாரும் என் காலைப் பார்த்தாங்க. மேடம் மட்டும்தான் வண்டியைப் பார்த்தாங்க. அதை மட்டும் எழுதுங்க, போதும்" என்றார்.

எழுதிவிட்டோம்.

உங்கள் அதட்டலுக்கு ஏங்கப்போகும்
வாகனப் பணிமனை ஊழியர்கள்
புத்தூர், திருச்சிராப்பள்ளி