முறிந்த மணிக்கட்டும் முழு ஓய்வும்

தலைமையேற்றிருக்கும் எலும்பு மருத்துவர் அம்மையார் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, வீட்டை ஒற்றைக் கையால் தாங்கும் தாய்மார்களே, அவர்களில் ஒருவராய், மாவுக்கட்டுக் கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் தையற்கார மனைவியே, நடைப்பயிற்சி நண்பர்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

மேடை எனக்குப் புதிது. உளறிவிடுவேனோ என்று பயந்து வரிசைப்படுத்தி வந்திருக்கிறேன்.

1. மணிக்கட்டு எப்படி முறிகிறது?
2. எப்படிக் கண்டறிகிறார்கள்?
3. எப்படிச் சரிசெய்கிறார்கள்?
4. முறிந்த கைக்கு முழு ஓய்வே முதல் மருந்து.

விழும்போது முகத்தைக் காப்பது எது? கை. முதுகைக் காப்பது எது? கை. நமக்காக முன்னே நீண்டு, நமக்காக முறிவதும் அந்தக் கைதான். குளியலறையில் வழுக்கிய என் மனைவி வலக்கையை ஊன்றினார். மணிக்கட்டு கவிழ்த்த முள்கரண்டிபோல் வளைந்தது. "சுளுக்குதாங்க, எண்ணெய் தேச்சா போயிடும்" என்றார். நான் தேய்க்கவில்லை. சிரிக்காதீர்கள், பயந்தவனுக்கும் சில சமயம் நல்ல புத்தி வரும்.

நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். நேரே பார்த்தால் நல்ல பிள்ளையாய் நிற்கும் எலும்பு, பக்கவாட்டில் பார்த்தால் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கட்டைவிரலடியில் உள்ள சிறு எலும்போ முதல் படத்தில் முறிவை மறைத்தாலும் மறைக்கும்; வலி இருந்தால் கட்டுப் போட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள். மனைவிக்கு முறிந்தது முன்கை எலும்பின் நுனி. மரத்துப்போக ஊசி போட்டு, இழுத்து நேராக்கி, மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டுக்குள் எலும்பு மறுபடி நழுவியிருந்தால் தகடும் திருகாணியும் வைத்திருப்பார்கள். நழுவவில்லை.

நான்காவது, ஓய்வு. உணவை நான் ஊட்டினேன். பொத்தானை நான் போட்டேன். தலையையும் நானே வாரினேன். "வகிடு கோணலா இருக்கு, தெருவே திரும்பிப் பாக்குது" என்பார். இருக்கட்டும் என்றேன். ஒரு விரலைக்கூட அசையவிடவில்லை.

தலைவர் அம்மையார் குறுக்கிடுகிறார். "அம்மா, கட்டைவிரலால சுண்டுவிரலைத் தொடுங்க, பாப்போம்."

மனைவி தொடப் போகிறார். விரல் பாதியிலேயே நின்றுவிட்டதே.

"விரலை முதல் நாள்லேருந்து மடக்கி நீட்டச் சொன்னேனேம்மா. இப்படியே விட்டா இறுகிடும், கத்தரிக்கோல் பிடிக்க வராது."

"நீங்க சொன்னீங்க டாக்டர். இவர் விட்டாத்தானே."

அம்மையார் அவர்களே, இப்போது தொடங்கினாலும் சரியாகுமா? ஆகுமாம். வலித்தாலும் விடாமல் செய்ய வேண்டுமாம்.

அதோ, மறுபடி முயல்கிறார். இன்னும் கொஞ்சம். நெருங்கிவிட்டது. தொடவில்லை, ஆனால் நெருங்கிவிட்டது.

இன்று கரண்டியை அவரே பிடிப்பார். சிந்தினாலும் நான் எதிரே கைகட்டி உட்கார்ந்திருப்பேன். நான் செய்யும் பணிவிடைகளில் அதுவே கடினமானது. பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோர் கைகளுக்கும் நன்றி, வணக்கம். நான்காவதை மட்டும் அடித்துவிடுங்கள். அது தவறு.