ஈரச்சாக்கில் ஒரு கைப்பிடி

"விதைநெல்லுக்கு இருக்கிற மரியாதைகூட என் வயித்துக்கு இல்லம்மா."

குடவாசல் பேருந்தில், இலவச டிக்கெட்டை மடித்தபடி முன் இருக்கை அம்மா சொன்னார். இதைக் கேட்டபின் என் நிறுத்தத்தில் நான் இறங்கவில்லை.

"ஏங்க்கா?" என்றாள் அவர் பக்கத்திலிருந்த பெண்.

"ஒரு கைப்பிடிய ஈரச்சாக்குல சுத்தி வெச்சு, முளைக்குதான்னு பாத்துட்டுத்தானே நாத்தங்கால்ல விடுறோம்? எனக்கு மருந்த நேரா ஏத்திட்டு, கேக்கலன்னு அப்புறம் சொல்றாங்க. முடி கொட்டினதுதான் மிச்சம். சினைப்பைக் கட்டிய இப்ப புதன்கிழமை ஆபரேஷன் பண்ணி எடுக்கப் போறாங்க."

"சினைப்பைப் புற்றுநோய்ல என் பிஎச்.டி ஆராய்ச்சியே அதாங்க்கா. எந்த மருந்து கேக்கும்னு கட்டியில கொஞ்சம் எடுத்து முன்னாடியே பாக்கிறது. ஆராய்ச்சிக்கு ஒரு டிரஸ்ட் பணம் தருது. புதன்கிழமை ஆபரேஷன்ல எடுக்கிறதுல கொஞ்சம் தருவீங்களா?"

"எனக்கு உதவுமா?"

"தெரியலைங்க்கா. இன்னும் சோதனைதான்."

அம்மா ஜன்னலுக்கு வெளியே வயலைக் காட்டினார்.

"ஒரு சாண் நெலத்துக்குப் பத்து வருஷமா கேஸ் நடத்துறவ நான். இத எடுத்துக்க. ஆனா ஒரே முடிச்சா கட்டாத. விதைய நாங்க ரெண்டு முடிச்சா கட்டி, ஒண்ண அடுத்த வீட்ல வெப்போம். நம்ம முடிச்ச நாமளே பிரிச்சுப் பிரிச்சுப் பாத்துக் கெடுத்துடுவோம்."

"அப்ப ரெண்டு டப்பா கொண்டு வரேங்க்கா. ஒண்ண வேற லேபுக்கு அனுப்புறேன்."

"பேர மாத்தி ஒட்டிடாத. பட்டாவுல அப்படித்தான் ஆச்சு."